எப்படிப் பழக்கம் என்று கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஒருவரைப் பற்றியவை, அண்மையில் மறைந்த என் உளவியல் பேராசிரியையைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அவருடைய பெயரை எழுதவேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் நானே விட்டுவிட்டேன்.

உங்கள் பதில்களில் 'எங்கள் மிஸ் சொல்வார்' என்று அடிக்கடி எழுதுவீர்கள். அவர் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நிஜமா? அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன்.
- வாசகி, பெரம்பூர்

நிஜம்தான். பொங்கல் கழிந்த வாரம், விடியற்காலையில், மாரடைப்பு. எழுபதைத் தாண்டியவர். முந்தின நாள் சாயங்காலம்கூட ஆலோசனைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் உளவியல் சொல்லிக்கொடுத்தார். நானும் அங்கே படித்தவள். கல்லூரி முடிந்து வந்ததும் மேற்கு மாம்பலத்தில் தன் வீட்டு முன்னறையில் ஆலோசனைக்கு வருகிறவர்களைப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில், கரையோரத்திலிருந்து குடிமாற்றப்பட்டவர்கள் வசிக்கும் செம்மஞ்சேரிக்குப் போய்விடுவார். கல்லூரியில் அவர் மிஸ், செம்மஞ்சேரியில் டீச்சரம்மா.

அவரிடம் முதல் தடவை போகிறவர்கள் பெரிய பெரிய கேள்விகளுக்குத் தயாராகப் போவார்கள். அவர் கேட்பது, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" பதில் வந்ததும் அடுத்தது, "யார் போட்டாங்க?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் பாதி விஷயம் வெளியே வரும். "எல்லாரும் தூங்கினப்புறம் நானே போட்டுக்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பதற்கெல்லாம் அங்கிருந்து வழி கிடைத்துவிடும். நாங்கள் நோயாளி விவரப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்கு உட்கார்ந்தால், படிவத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். "அது அப்புறம். முதல்ல சோறு, அப்புறம் தூக்கம். அதுக்கப்புறம்தான் மனசு" என்பார்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே எங்களைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அழைத்துப்போனார். 'உன்னையெல்லாம் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்' என்று கேலி பேசாத வகுப்பறை சென்னையில் அப்போது கிடையாது. எங்கள் வகுப்பில் அது அன்றோடு நின்றது. 1794-ல் ஒரு சிறிய காப்பகமாக ஆரம்பித்து 1871-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்த மருத்துவமனை அது. உள்ளே இருப்பவர்கள் வேலை கற்றுக்கொள்ளும் கூடங்களை எங்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். அங்கே ஒரு மரத்தடியில் நிறுத்திவைத்துத்தான் மிஸ் எங்களுக்கு டாக்டர் சாரதா மேனனைப் பற்றிச் சொன்னார். 1961-ல் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற முதல் பெண், 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர். 2021 டிசம்பரில் சாரதா மேனன் 98 வயதில் மறைந்தபோது மிஸ் எனக்கு போன் செய்து வெகுநேரம் பேசினார். ஒரு பெண் டாக்டராவதே அபூர்வமாக இருந்த காலத்தில், அதிலும் யாரும் விரும்பி வராத ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தவர் என்பதை அன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் பெரியம்மா மறைந்த அன்று தெருவில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. "எப்படிப் பழக்கம்?" என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்கள். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார். அடுத்த மாதம் மண்டபம் எடுத்துப் படத்திறப்பு வைக்கிறோம். இவர்களையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்து அழைப்பது? அவருடைய அலமாரியையும் நோட்டுப் புத்தகங்களையும் என்ன செய்வது?
- உறவினர், மேற்கு மாம்பலம்

கண்டுபிடிக்கவே வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தேடிப்போவது அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

அன்று நானும் தெருமுனையில்தான் நின்றிருந்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர். யூனிஃபார்ம் போட்ட பையனோடு ஓர் அம்மா. ஒரு ஆட்டோக்காரர். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த ஆட்டோக்காரரிடம், "நீங்க யாருப்பா?" என்று கேட்டார். "சவாரி வருவாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். சவாரிக்குத்தான் பழக்கமோ, வேறு எதற்கோ. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஒரு மாலை போட அவருக்கு ஆசை இருந்தது, கையில் மாலையும் இருந்தது. கண்ணம்மாபேட்டை மயானத்துக்கு வண்டி கிளம்பியபோது ஓடிவந்து அதைப் பின்பக்கக் கம்பியில் மாட்டினார்.

பொதுவாக ஒருவர் இறந்தால், அழுகிறவர்களுக்கு அழுவதற்கு ஓர் உறவுமுறை இருக்கும். மகள், தம்பி, பக்கத்து வீடு, கூட வேலை பார்த்தவர். மிஸ்ஸிடம் வந்துபோனவர்களுக்கு அது கிடையாது. வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் 'எப்படிப் பழக்கம்' என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால், தங்கள் வாழ்க்கையையே நடுத்தெருவில் பிரித்து வைக்கவேண்டியிருக்கும். அதனால்தான் நகர்ந்துபோனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பியவரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இதை மிஸ் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினார் என்று பாருங்கள். பாண்டி பஜாரில் தெரிந்தவர் எதிரே வந்தால் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். அவர்களாக வணக்கம் சொன்னால்தான் நிற்பார். கூட நிற்கும் கணவரிடமோ பிள்ளையிடமோ 'இவங்களை எனக்குத் தெரியும்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். இதனாலேயே அக்கம்பக்கத்தில் கர்வக்காரி என்று பெயரெடுத்தார். அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ள அவர் எதுவும் செய்யவில்லை. சிகிச்சை பெறுகிறவர் பற்றிய விவரங்கள் ரகசியமாக இருக்கவேண்டும் என்பதை 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே மிஸ்ஸுக்கு அதுதான் பழக்கம்.

படத்திறப்பு தாராளமாக வையுங்கள். பேப்பரில் கொடுக்கும் விளம்பரத்தில் இடமும் நேரமும் இருந்தால் போதும், வரவேண்டியவர்கள் வந்துவிடுவார்கள். சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு என்று நீட்டி வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து போகட்டும். வாசலில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதும் நோட்டு வேண்டாம். கல்யாணத்தில் எடுப்பதுபோல் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக முகங்களை எடுக்கும் வீடியோ அறவே வேண்டாம், மேடையை மட்டும் எடுத்தால் போதும். 'அவரால் பயனடைந்தவர்கள் இரண்டு வார்த்தை பேசலாம்' என்று மைக்கில் அழைக்காதீர்கள். கல்லூரியிலிருந்து நாங்கள் நிறையப் பேர் வருகிறோம், பேசவேண்டியதை நாங்கள் பேசிக்கொள்கிறோம். பந்தியில் 'நீங்க யார் வழி?' என்று பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பார்கள். பாசத்தில் கேட்பதுதான், இருந்தாலும் அன்று ஒருநாள் கேட்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வந்தவர் சாப்பிட்டாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிஸ்ஸும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

அலமாரியைத் திறக்காதீர்கள். அதன் சாவி அவருடைய தோழியான இன்னொரு ஆலோசகரிடம் இருக்கிறது. தனக்கு ஏதாவது ஆனால் யார் யாரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், எந்த நோட்டை என்ன செய்யவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்துவைத்திருந்தார். அந்தத் தோழி பேப்பரில் செய்தி வருவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாக போனில் அழைத்துச் சொல்லியிருக்கிறார். பூட்டிய வீட்டுக்கு முன்னால் வந்து நின்று யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ஆலோசனை தரும் ஒவ்வொருவரும் இப்படி ஓர் ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். செய்கிறவர்கள் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு வருடம் அவரிடம் போய்க்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் தெரியாது. உங்கள் மிஸ் இறந்த செய்தி வந்ததிலிருந்து வீட்டில் அழக்கூட முடியவில்லை. குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். படத்திறப்புக்கு நான் போகலாமா?
- பெயர் வேண்டாம், அண்ணா நகர்

போங்கள். உங்களை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, அதற்குத்தான் மேலே அவ்வளவு எழுதினேன்.

வீட்டில் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். 'எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் இறந்துட்டாங்க, மனசு சரியில்லை' என்று சொல்லுங்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துக்கத்துக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அப்புறம் உங்கள் விருப்பம். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மிஸ்ஸுக்குத்தான் பேசுகிற உரிமை இல்லை, உங்களுக்கு உண்டு.

இந்த அழுகை நோயா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை. இழப்புக்குப் பிறகு ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலை எதுவும் ஓடாமல், நினைப்பெல்லாம் அங்கேயே நின்றுபோனால் அதை நீடித்த துயரம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகச் சொல்கிறது. நீங்கள் இருப்பது முதல் மாதத்தில். ஆனால் தூக்கம் போய், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். இரவு எந்நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050.

மனநல மருத்துவர், உளவியலாளர் இருவரும் ஒன்றுதானே?
- வாசகர், தாம்பரம்

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்கொண்டு மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் உளவியல் படித்தவர், பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் உதவுவார், மாத்திரை எழுதமாட்டார். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. மிஸ்ஸிடம் யாராவது மாத்திரை பற்றிக் கேட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுவார், 'நிறுத்திடலாமா?' என்று கேட்டால் இன்னும் சீக்கிரமாக.

நாங்கள் என்.எஸ்.எஸ். மாணவிகள். வெள்ளம், புயல் வந்தால் முகாம்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறோம். அவர் சுனாமி சமயத்தில் வேலை செய்தவர் என்று எங்கள் பேராசிரியை சொன்னார். அவர் என்ன செய்தார்?
- மாணவிகள், சென்னை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அடுத்த நாளே கடலோரப் பட்டினப்பாக்கத்து முகாமில் இருந்தார். பழைய மாணவிகள் நாங்கள் சிலர் கூடப் போனோம்.

அந்த வாரம் முகாமுக்கு நிறையக் குழுக்கள் வந்தன. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆளாளுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காகிதமும் கிரேயானும் கொடுத்து, அலையை வரையச் சொன்னார்கள். மனசில் இருப்பது வெளியே வரவேண்டுமாம். ஒரு பையன் யாரும் கேட்காமலே காகிதத்தை வாங்கி மடமடவென்று நீலத்தை அப்பிக் கொடுத்துவிட்டுப் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். மிஸ் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "இந்தப் பிள்ளை காலையிலிருந்து எத்தனாவது அலை வரையுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார்.

அவர் என்ன செய்தார் என்றால், முதலில் பெண்கள் குளிக்கவும் துணி மாற்றவும் மறைப்பு கட்டச் சொல்லி அதிகாரிகள் பின்னாலேயே அலைந்தார். பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வகுப்பு. வாய்ப்பாடுதான், வேறொன்றும் விசேஷமில்லை. ஆனால் நாள் முழுக்க எது எப்போது நடக்கும் என்று தெரியாத இடத்தில், இது நடக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மீதி நேரமெல்லாம் மனு எழுதினார். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பாஸ்புக் எல்லாம் கடலோடு போயிருந்தன. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அந்த வட்டமான கையெழுத்தில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

முகாமுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசாத ஓர் அம்மாவை ரேஷன் கார்டுக்காக மிஸ்ஸிடம் கூட்டிவந்தார்கள். குடும்பத்தில் யார் யார் என்று எழுதவேண்டும். தன் பெயர் சொன்னார், வீட்டுக்காரர் பெயர், பெரிய பையன் பெயர். நான்காவது பெயர் வரவில்லை. மிஸ் 'அடுத்தது?' என்று கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். பின்னால் மனுவுக்கு வரிசை நின்றது, அதையும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாவே பேச ஆரம்பித்தார். அந்தப் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பற்றித்தான் முழுக்கச் சொன்னார். அலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறது. நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தாதே, என்ன தேவை என்று கேள், உறவுகளோடும் உதவிகளோடும் சேர்த்துவை. நீங்கள் போகும்போது கிரேயான் கொண்டுபோங்கள், பிள்ளைகள் பூனை வரையட்டும், விஜய் வரையட்டும், எது பிடிக்கிறதோ அது. அதோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் நல்ல பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுத ஆள் எப்போதும் தேவைப்படும்.

கரையோரக் குடும்பங்கள் பல பிறகு செம்மஞ்சேரிக்குக் குடிமாற்றப்பட்டன. கடலிலிருந்தும் மீன் வேலையிலிருந்தும் தூரம். அவரும் சனிக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்துவிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் அவரை அங்கேதான் தேடவேண்டியிருந்தது.

முன்னாள் மாணவிகள் நாங்கள் பணம் திரட்டுகிறோம். தங்கப் பதக்கம், மார்பளவுச் சிலை, வருடாந்திரச் சொற்பொழிவு என்று மூன்று யோசனை இருக்கிறது. எது நல்லது?
- வாசகி, அடையாறு

மூன்றுமே வேண்டாம் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செம்மஞ்சேரியில் மாதாமாதம் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை இலவசம். ஆனால் விடியற்காலையில் கிளம்பி ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். கூட வருகிறவருக்கும் சேர்த்தால் இரண்டு நாள் கூலி. இரண்டு மாதம் போகாமல் விட்டால் நோய் திரும்பிவிடும், வீட்டில் 'மாத்திரை வேலை செய்யலை' என்பார்கள். 2021 மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தபோது மிஸ் அப்படிச் சந்தோஷப்பட்டார். "பாதிச் செலவு குறைஞ்சிடுச்சு, இனிமே கூட்டிட்டுப் போக ஆள்தான் வேணும்" என்றார். அவரே பலருக்குக் கூடப் போயிருக்கிறார்.

உங்கள் பணத்தை அதற்கு வையுங்கள். கூலியில் பாதியாவது கொடுங்கள், ஆண்களுக்கு பஸ் செலவு, மதியச் சாப்பாடு. பணத்தைவிட முக்கியம், மாதத்தில் ஒரு நாள் கூடப் போக உங்களில் பத்துப் பேர் முறை போட்டுக்கொள்வது. அதற்கு அவர் பெயர்கூட வைக்கவேண்டியதில்லை. சிலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள்.

என் மகள் கல்லூரி முதல் வருடம். ப்ளஸ் டூ மார்க் குறைந்ததிலிருந்து அவரிடம்தான் போய்வந்தாள், நன்றாகத் தேறியிருந்தாள். இப்போது வேறு யாரிடமும் போகமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?
- ஒரு அம்மா, வியாசர்பாடி

கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் மகளுக்கு இது இரண்டாவது அடி. மார்க் போனதை யாரிடம் சொல்லித் தேறினாளோ, அவரே இப்போது இல்லை. புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதையைச் சொல்லவேண்டுமே என்ற அலுப்பும் இருக்கும். 'முதல்லேருந்து சொல்லவேண்டாம், மிஸ் இறந்ததிலிருந்து மட்டும் சொல்லு' என்று அவளிடம் சொல்லுங்கள். புதிய ஆலோசகருக்கு அதுவே போதுமான தொடக்கம்.

மேலே சொன்ன தோழி உங்கள் மகளையும் அழைத்திருப்பார். அவரிடம் போகச் சம்மதித்தால் நல்லது. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் முதலில் 14416-ல் பேசிப் பார்க்கட்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகலாம் என்பது மாதிரி ஏதாவது பேச்சு வந்தால் மட்டும் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போய்விடுங்கள்.

முதல் நாள் கூடப் போங்கள், அறைக்குள் மட்டும் போகாதீர்கள். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்கவேண்டாம். ஸ்டான்லி என்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், அவளுடைய ஆதார் நகலும் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.